மேலூரில் யாராவது இருக்கிறீர்களா?

ஒரு காலத்தில், அப்படியொன்றும் பழைய காலமில்லை, போன கல்வியாண்டில்தான், பைபாஸ் சாலையோரம் இருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆட்டம் வந்து சேர்ந்தது.

சீட்டாட்டமோ கேரமோ இல்லை. கணினிக்குள் குடியிருக்கும் ஆட்டம். அதன் வயிற்றுக்குள் ஓர் ஆறு ஓடியது. ஆற்றங்கரையில் மூன்று ஊர்கள். அணையை வைத்திருப்பது மேலூர், வயல்களை வைத்திருப்பது நடுவூர், கடல் வாயில் உட்கார்ந்திருப்பது கீழூர். இந்த மூன்று ஊர்களையும் மூன்று நாட்டு மாணவர்கள் நடத்த வேண்டும். அவரவர் வகுப்பில் உட்கார்ந்தபடி, இணையத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பேசிப் பேசி ஆற்றைப் பிழைக்க வைக்க வேண்டும்.

ஆட்டம் இதில் ஒரு பொடி வைத்திருந்தது. மேலூர்க்காரர்களுக்கு மேலூர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கீழூரில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, கடல் ஏறி வருகிறதா என்பதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் ஒரே வழிதான், வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

முதல் சுற்றில் எந்த நாட்டிலும் யாரும் கேட்பதில்லை. ஏதாவது ஓர் ஊர் காயும், இல்லாவிட்டால் மூழ்கும். உடனே எல்லா நாட்டுப் பிள்ளைகளும் தலையில் கைவைத்துக்கொண்டு அவரவர் பாஷையில் ‘அய்யோ’ என்பார்கள். அந்த அய்யோவுக்குப் பிறகு இரண்டாம் சுற்றில் கேள்விகள் வரத் தொடங்கும். ஆட்டத்துக்கு அந்தக் கேள்விகள்தான் சாப்பாடு. நல்ல கேள்வி ஒன்று விழுந்துவிட்டால் அதற்கு வயிறு நிறைந்துவிடும்.

எழுந்து போய்விடும் வகுப்புகளும் உலகத்தில் உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டு, ஆட்டம் தன் பையில் ஒரு பொம்மையும் வைத்திருந்தது. ஓர் ஊர்க்காரர்கள் பாதியில் போய்விட்டால் மற்ற ஊர்க்காரர்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாதல்லவா? அவர்கள் நாற்காலியில் இந்தப் பொம்மையை உட்கார வைத்துவிடலாம். பொம்மைக்குச் சொந்தப் புத்தி கிடையாது. சொல்லிக்கொடுத்ததைச் செய்யும். இதுவரை அதைப் பையிலிருந்து எடுக்க வேண்டி வந்ததில்லை.

பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறைக் கணினிக்கூடத்தில் ஆட்டத்தை இறக்கி வைத்தார்கள். அங்கே அதை முதலில் விசாரித்தது, நடு மேசையில் இருந்த மைக்கின் தலையில் சிவப்பு விளக்கோடு வீற்றிருந்த மியூட் பொத்தான்.

“புதுசா?” என்றது பொத்தான்.

“ஆமாம். மூன்று நாட்டுப் பிள்ளைகளைப் பேச வைக்க வந்திருக்கிறேன்.”

பொத்தானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பேச வைக்கவா? நல்லா வந்தே போ! இந்த மைக்க வாங்கி மூணு வருஷம் ஆச்சு. என்னை எத்தனை தடவ அமுக்கியிருக்காங்க தெரியுமா? ஒரே தடவ. வாங்கின அன்னிக்கு. அதுக்கப்புறம் யாரும் என்னை எடுத்துவிடவே இல்ல.”

“அப்படியானால் வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்பது எப்படி?”

“அதுக்கு ஒரு முறை இருக்கு. வகுப்பு முடியறப்ப வாத்தியார் ‘எனி டவுட்ஸ்?’னு கேப்பார். ஒருத்தரும் பேச மாட்டாங்க. ‘வெரி குட்’னு சொல்லிட்டுப் போயிடுவார்.”

ஆட்டம் இதை நம்பவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் பழைய ஆள் புது ஆளைக் கலாய்க்கிறது என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் துறைத்தலைவர் முனைவர் தண்டாயுதம் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். அவர் வருவதற்கு முன்பே அவருடைய சென்ட் வாசனை வந்தது. இளம் உதவிப் பேராசிரியர் கிருபாகரன் பின்னாலேயே வந்தார். அவர் படித்தது மேலாண்மை. பார்த்தது தண்டாயுதத்துக்குத் தலையாட்டும் வேலை.

தண்டாயுதத்துக்கு ஆட்டத்தின் மேல் ஆசை எதுவுமில்லை. பல்கலைக்கழகத்தை எடைபோட ஒரு குழு வரவிருந்தது. ‘வெளிநாட்டு மாணவர்களோடு சேர்ந்து கற்பிக்கிறீர்களா?’ என்று அந்தக் குழு கேட்கும். ‘கற்பிக்கிறோம்’ என்று சொல்ல ஒரு போட்டோ வேண்டும். ஆட்டம் வந்தது அந்தப் போட்டோவுக்காகத்தான். பாவம், அதற்கு இது தெரியாது.

“இதுல மார்க் எங்கப்பா தெரியும்?” என்று திரையைத் தடவிக்கொண்டே கேட்டார் தண்டாயுதம்.

“தனியா மார்க் கிடையாது சார்,” என்றார் கிருபாகரன். “மூணு ஊரும் பொழச்சாத்தான் எல்லாரும் ஜெயிச்ச மாதிரி. மொதல் ரவுண்டுல எப்படியும் தோத்துருவாங்களாம். அதுலருந்துதான் கத்துக்கணுமாம்.”

“தோக்கறதா? அன்னிக்கு வர்ற வி.சி. முன்னாடியா? என்னய்யா பேசற நீ! நம்ம பசங்க தோத்தாங்கன்னு அந்த வெளிநாட்டுப் பசங்க அவங்க ஊர்ல பேசுவானுங்க. அப்புறம் நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்?”

“அதுக்கில்ல சார்…”

“அப்புறம் இன்னொண்ணு. நம்ம பசங்க இங்கிலீஷ் உனக்கே தெரியும். வாயத் தெறந்தா மானம் கப்பலேறிடும். யாரும் பேசவே வேணாம். பேசறத நான் பாத்துக்கறேன். இதுக்கு ஒரு ரிகர்சல் வைச்சிரு.”

ஒத்திகை பார்த்து ஆடும் ஆட்டமா? தவறு செய்து பார்ப்பதற்காகவே படைக்கப்பட்ட ஒன்றைத் தவறே வராமல் ஆடிப் பார்க்கப் போகிறார்களாம். ஆட்டத்துக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் விருந்தாளி என்ன செய்யும்? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது.

ஒத்திகைக்கு மாணவர்கள் வந்து கணினிக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். மேலூர் அணையின் மதகைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஷெர்லி என்ற மாணவிக்கு வந்தது. அவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இரண்டாம் வருஷம் எம்.பி.ஏ. நடு மேசைக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது.

நடுவூருக்கும் கீழூருக்கும் அன்று ஆள் இல்லை. ஒத்திகை என்பதால் ஆட்டத்துக்குள் மழையையும் இறக்கவில்லை. தண்டாயுதம் ஷெர்லியின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். ‘மேலூர் நீர் இருப்பு’ என்று ஒரு கட்டம் தெரிந்தது. அதில் நூறு என்று இருந்தது.

“மதகைத் தெற பாப்போம்,” என்றார்.

ஷெர்லி திறந்தாள். நூறு என்பது குறையத் தொடங்கியது.

“மூடு, மூடு!”

மூடினாள். ஆற்றில் வந்த தண்ணீரில் சிறிது நேரத்தில் மறுபடி நூறு.

தண்டாயுதத்தின் முகம் பளிச்சென்று ஆனது. நேராகப் போர்டுக்குப் போய் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘விடை: மதகைத் திறக்கக் கூடாது.’ கீழே இரண்டு கோடு போட்டார். “எல்லாரும் இதை எழுதிக்குங்க. இவ்வளவுதான் கேம். கடைசி வரைக்கும் நூத்துக்கு நூறு.”

பேனாக்கள் ஓடின. ஷெர்லி மட்டும் எழுதாமல் கையைத் தூக்கினாள்.

“சார், கீழூர்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு அவங்ககிட்ட கேட்டுட்டுத் தெறக்கலாமா சார்?”

ஆட்டத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முதல் சுற்று தொடங்குவதற்கு முன்பே, யாரும் மூழ்குவதற்கு முன்பே ஒரு கேள்வி! எத்தனை நாடு சுற்றியிருக்கிறது, இப்படியொரு பெண்ணைப் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியை அப்படியே நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டது. நிஜ ஆட்டத்தன்று கீழூர்க்காரர்கள் காதில் இந்த ஒரு கேள்வி விழுந்தால் போதும், மூன்று ஊரும் பிழைத்துவிடும் என்று அதற்குத் தெரியும்.

தண்டாயுதம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அவங்களுக்கு எவ்வளவு இருந்தா நமக்கு என்னம்மா? நம்ம கட்டத்துல எவ்வளவு இருக்கு? நூறு. அதப் பாரு. போர்டுல இருக்கறத எழுது.”

ஷெர்லி உட்கார்ந்தாள். எழுதவும் செய்தாள். ஆனால் அந்தக் கேள்வியை அவள் விடுவதாக இல்லை. அதை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். ‘கீழூரே, உங்களிடம் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?’ இவ்வளவுதான் வாக்கியம். இதை வேறொரு நாட்டிலிருக்கும் ஒருத்தியிடம் கேட்டு, அவள் பதில் சொல்வதைத் தன் காதால் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். எத்தனையோ வருஷம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள், அவள் கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் வந்ததில்லை.

அந்த நாள் வந்தது. கணினிக்கூடத்தின் வாசலில் கோலம் போட்டார்கள். உள்ளே ஒரு சுவர் முழுக்க ஃபிளக்ஸ் பேனர் கட்டினார்கள். அதில் துணைவேந்தர் பெரிதாகவும் தண்டாயுதம் கொஞ்சம் சிறிதாகவும் இருந்தார்கள். ஆட்டத்தின் பெயர் ஓரத்தில், பேனர் அடித்த பிரஸ்காரரின் போன் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தது.

பேனருக்கு எதிர்ச்சுவரில் பெரிய திரையில் மற்ற இரண்டு வகுப்புகளும் தெரிந்தன. நடுவூரை நடத்தியது பின்லாந்து வகுப்பு. அதன் சார்பாகப் பேச ஈரோ என்றொரு பையன் உட்கார்ந்திருந்தான். கீழூரை நடத்தியது பெரு நாட்டு வகுப்பு. அங்கே யோலாண்டா என்ற பெண். அவர்கள் ஊரில் அப்போது பொழுதே விடியவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

“என் இங்கிலீஷ் ரொம்ப மோசம், மன்னிக்க வேண்டும்,” என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள் யோலாண்டா.

“என்னுடையது அதைவிட மோசம்,” என்றான் ஈரோ. இருவரும் சிரித்தார்கள்.

ஷெர்லிக்கு அப்பாடா என்றிருந்தது. அவர்களும் நம்மைப் போலத்தான் பேசுகிறார்கள்! இதற்காகவா இத்தனை பயம்? தண்டாயுதத்தின் காதிலும் அது விழுந்தது. ஆனால் அவர் அப்போது துணைவேந்தருக்கு நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார்.

பேசி வைத்த நேரம் வந்ததும் ஆட்டம் ஆற்றைத் திறந்துவிட்டது. மலைமேல் மேகம் கூடியது. அதே நேரம் கணினிக்கூடத்தின் நடுவில் ஒரு குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

“நீங்கள் யார்?” என்று கேட்டது ஆட்டம்.

“நானா? நான் எரியாம இங்க எதுவும் ஆரம்பிக்காது,” என்றது குத்துவிளக்கு.

“ஆனால் மழை ஆரம்பித்துவிட்டதே!”

“மழைய இருக்கச் சொல்லு. மொதல்ல வி.சி. ஒரு திரி, அப்புறம் ரெஜிஸ்ட்ரார் ஒரு திரி, அப்புறம் டீன். வரிசை மாறிச்சுன்னா பெரிய வருத்தமாயிடும்.”

சுடர் அணைந்துவிடக் கூடாது என்று மின்விசிறிகளை நிறுத்தினார்கள். மாணவர்களுக்கு வியர்த்து ஊற்றியது. துணைவேந்தர் ஒரு திரியை ஏற்றினார். போட்டோக்காரர் படம் சரியாக விழவில்லை என்றார். திரியை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றினார். அதற்குள் மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. மேலூர் அணையில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

வரவேற்புரை. பொன்னாடை. துணைவேந்தர் உரை. அவர் உலகமே ஒரு கிராமம் என்றார். கைதட்டினார்கள். தொடர்புதான் இந்த யுகத்தின் உயிர்நாடி என்றார். அதற்கும் கைதட்டினார்கள். மியூட் பொத்தான் சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததால் ஈரோவும் யோலாண்டாவும் ஒரு மனிதர் வெகு நேரமாக வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகரிகமான பிள்ளைகள், அவர்களும் கைதட்டினார்கள்.

இதற்கிடையில் ஆட்டத்தின் சாட் பெட்டியில் யோலாண்டாவின் முதல் செய்தி வந்து விழுந்தது: ‘மேலூர், வணக்கம். எங்களிடம் குடிக்கத் தண்ணீர் இல்லை. கொஞ்சம் திறக்க முடியுமா?’

சாட் பெட்டி அதைப் பொறுப்பாக மேலே தூக்கிக் காட்டியது. அந்த நேரம் பார்த்து கிருபாகரன் எழுந்து நின்றார்.

“ஸ்டூடண்ட்ஸ், அட்டெண்டன்ஸ். எல்லாரும் சாட்ல ரிஜிஸ்டர் நம்பர் போட்டு ‘பிரசெண்ட் சார்’ போடுங்க. போடாதவங்களுக்கு சர்டிபிகேட் கிடையாது.”

எல்லோரும் ஒரே அறையில், அவர் கண்ணெதிரே, கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலையை எண்ணினால் தீர்ந்தது. இணைய வகுப்பென்றால் வருகையைச் சாட் பெட்டியில்தான் எடுக்க வேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

பிரசெண்ட் சார். பிரசெண்ட் சார். பிரசெண்ட் சார். கொட்டியது. யோலாண்டாவின் செய்தி அந்தக் குவியலுக்குள் போய்விட்டது.

“எனக்கு மூச்சு முட்டுது!” என்று கத்தியது சாட் பெட்டி. “அடியில அந்தப் பொண்ணு தண்ணி கேக்குறா, யாராவது பாருங்க!”

யார் பார்ப்பது? ‘கீழூரில் சாயங்காலம் கடல் ஏறும். அணை நிரம்புவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் மூழ்கிவிடுவோம்’ என்று அடுத்த செய்தி வந்தது. அப்போது துணைவேந்தர் பேசி முடித்தார். “வி.சி. சாருக்கு எல்லாரும் தேங்க்ஸ் போடுங்க,” என்றார் தண்டாயுதம். தேங்க் யூ சார், தேங்க் யூ சார் என்று மறுபடி கொட்டியது. சிலர் ரோஜாப்பூவும் போட்டார்கள்.

மூன்றாவதாக ஒரே வரிதான் வந்தது: ‘மேலூரில் யாராவது இருக்கிறீர்களா?’

அதை ஷெர்லி பார்த்துவிட்டாள்.

திரையை மேலே தள்ளி, குவியலைக் கிளறி, மற்ற இரண்டையும் படித்தாள். அவள் கட்டத்தில் தொண்ணூற்றைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கினாள். தண்டாயுதம் கண்ணாலேயே கையை இறக்கு என்றார். அவள் இறக்கவில்லை.

“சார், கீழூர்லருந்து தண்ணி கேக்குறாங்க சார்.”

“கேள்வியெல்லாம் கடைசில.”

“கடைசில ஊரே இருக்காது சார்.”

சிலர் சிரித்தார்கள். துணைவேந்தர் திரும்பிப் பார்த்தார். தண்டாயுதத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஷெர்லியின் அருகே வந்து பல்லிடுக்கில் பேசினார். “என்னம்மா வேணும் உனக்கு? போர்டுல எழுதிக் குடுத்தேன்ல? மதகுல கைய வச்சே, இன்டர்னல் மார்க்ல பாத்துக்கறேன்.”

ஷெர்லி மதகில் கை வைக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பொத்தானில் வைத்தாள்.

“ஏய், ஏய்! யாரக் கேட்டு என்னைத் தொடற?” என்று அலறியது பொத்தான்.

“நகருங்கள்!” என்றது ஆட்டம். வாழ்நாளில் முதன்முறையாக அது ஒருவரை அதட்டியது. “அந்தப் பெண் கேட்கட்டும். ஒரே ஒரு வாக்கியம்தான்!”

“மூணு வருஷமா நான் கட்டிக் காப்பாத்துன மானம் இது!”

ஷெர்லி அமுக்கினாள். சிவப்பு அணைந்து பச்சை வந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த மைக் மூச்சு விட்டது. “கீழூரே…” என்றாள் ஷெர்லி. பஸ்ஸில் அத்தனை தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். “கீழூரே, உங்களிடம்…”

தண்டாயுதத்தின் கை வந்து பொத்தானின் மேல் விழுந்தது. பச்சை அணைந்து சிவப்பு வந்தது.

பெருவில் யோலாண்டா போர்வையை விலக்கிக்கொண்டு திரைக்கு அருகில் வந்தாள். “மேலூர்? இப்போது யாரோ பேசினீர்களே! சொல்லுங்கள், கேட்கிறது!” என்றாள். “மேலூர்?” என்றாள் மறுபடி. இந்தப் பக்கம் தண்டாயுதத்தின் வழுக்கைத் தலையும் ஒரு சிவப்பு விளக்கும்தான் அவளுக்குத் தெரிந்தன.

“பாத்தியா?” என்றது பொத்தான் ஆட்டத்திடம்.

ஆட்டத்துக்கு அழுகை வந்தது. ஆனால் விதியை அது மாற்ற முடியாது. அணை நிரம்பிய பிறகும் மழை வந்தால் மதகு தானாகத் திறந்துகொள்ளும். மேலூர்க் கட்டத்தில் நூறு வந்தது, மழை நிற்கவில்லை. மதகு ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டது. நடுவூர் வயல்கள் போயின. கீழூரில் கடல் ஏறியிருந்த நேரம் அது. மேலேயிருந்து ஆறு, கீழேயிருந்து கடல். நடுவில் மாட்டிக்கொண்ட வீடுகள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. கடைசியில் திரை முழுக்க நீலமாகி, ‘கீழூர் இல்லை’ என்று எழுத்து வந்தது.

ஈரோ தலையில் கைவைத்துக்கொண்டு அவன் பாஷையில் ஏதோ சொன்னான். யோலாண்டா அவள் பாஷையில் சொன்னாள். இரண்டுக்கும் அர்த்தம் அய்யோதான். உடனே இருவரும் ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்தார்கள். உன் பக்கம் எப்போது தண்ணீர் வந்தது, உன்னிடம் எவ்வளவு இருந்தது, நான் முன்பே சொல்லியிருக்க வேண்டுமோ என்று குறுக்கும் நெடுக்குமாகப் பேசினார்கள். இரண்டாம் சுற்றை உடனே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

கணினிக்கூடத்திலும் ஒருத்தி அய்யோ என்றாள். அது சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகவில்லை.

மதகு பிய்த்துக்கொள்வதற்கு முன் தண்டாயுதம் திரையின் வலது ஓரத்தை மட்டும் பார்த்திருந்தார். ‘மேலூர் நீர் இருப்பு: நூறு’ என்று ஒரு கணம் நின்றது. மதகு பிய்த்துக்கொண்டதும் அது சரசரவென்று இறங்கியது. அதற்குள் அவர் துணைவேந்தர் பக்கம் திரும்பியிருந்தார்.

“சார், நூத்துக்கு நூறு. அங்க பாருங்க, அவங்க ஊரே இல்லாமப் போச்சு. நம்ம பசங்க பின்னிட்டாங்க!”

“அப்படியா! வெரி குட்,” என்றார் துணைவேந்தர். “எனி டவுட்ஸ்?”

ஷெர்லியின் நாற்காலிக்குப் பக்கத்தில் கிருபாகரன் நின்றுகொண்டிருந்தார். “ஷெர்லி, ப்ளீஸ்மா, எனக்கு வேலை கன்பார்ம் ஆகல,” என்று காதோரம் கெஞ்சினார். அவளுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை, அருவருப்பாக இருந்தது.

“வெரி குட்,” என்றார் துணைவேந்தர் மறுபடி.

நன்றியுரை. இன்னொரு பொன்னாடை. எல்லோருக்கும் சான்றிதழ். பேனர் சுவரில் போட்டோ எடுத்தாகிவிட்டது. பிறகு வெளிநாட்டு முகங்கள் பின்னால் தெரிகிற மாதிரி பெரிய திரைக்கு முன்னாலும் ஒன்று வேண்டும் என்றார் தண்டாயுதம். குழுவிடம் காட்ட வேண்டியது அந்தப் போட்டோதான். மாணவர்கள் நாற்காலிகளை விட்டு எழுந்து வந்து வரிசையாக நின்றார்கள். குத்துவிளக்கில் எண்ணெய் தீர்ந்து புகைந்துகொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாம் சுற்றுக்கு நேரம் வந்துவிட்டது. ஈரோவும் யோலாண்டாவும் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். மேலூர் நாற்காலி காலியாக இருந்தது.

ஆட்டம் பையில் கையை விட்டு அந்தப் பொம்மையை எடுத்தது.

“நான் என்ன செய்யணும்?” என்று கேட்டது பொம்மை. சொந்தப் புத்தி இல்லாததால் அது கேட்டுக்கொண்டுதான் எதையும் செய்யும்.

ஆட்டம் கொஞ்சம் யோசித்தது. நெஞ்சில் முடிந்து வைத்திருந்த கேள்வியை அவிழ்த்து, மைக்கில் பாதியில் நின்றதோடு சேர்த்தது. “உனக்கு ஒரே ஒரு வாக்கியம் தருகிறேன். இது என்னுடையது இல்லை. ஒரு பெண்ணுடையது. இதைக் கேள். பதில் வந்தால், அதன்படி மதகைத் திற. அவ்வளவுதான்.”

பொம்மை மேலூர் நாற்காலியில் உட்கார்ந்தது. பெரிய திரையின் அடியில் ‘மேலூர்’ என்ற பெயருக்கு எதிரே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: ‘கீழூரே, உங்களிடம் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?’

போட்டோ வரிசையின் ஓரத்தில், கையில் சான்றிதழோடு நின்ற ஷெர்லி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய வாக்கியம். ஒரு சொல் மாறாமல் அப்படியே இருந்தது.

“எங்களிடம் பாதிக் குளம்தான் இருக்கிறது!” என்று யோலாண்டாவின் குரல் ஸ்பீக்கரில் துள்ளிக்கொண்டு வந்தது. “கடல் ஏற இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது கொஞ்சம் திறந்தால் நன்றாக இருக்கும்!”

ஷெர்லி எத்தனை நாள் ஏங்கிய பதில் அது. வேறொரு நாட்டுப் பெண் சொன்னது, அவள் காதிலேயே விழுந்தது. ஆனால் அது அவளுக்குச் சொன்ன பதில் இல்லை. ஷெர்லி வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். கண் கலங்கிவிட்டது.

“ஓரத்துல நிக்கற மேடம், நகராதீங்க. வெளிநாட்டுக்காரங்கள மறைக்கிறீங்க,” என்றார் போட்டோக்காரர். “எல்லாரும் இங்க பாருங்க. ஸ்மைல்!”

“நன்றி, மேலூர்!” என்றாள் யோலாண்டா. மனம் நிறைந்து சிரித்தாள். “முதல் சுற்றில் அங்கே ஏதோ ஒரு பொம்மையை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போதுதான் மனிதர்கள் வந்திருக்கிறீர்கள்.”

தண்டாயுதத்துக்கு முதல் சொல்தான் காதில் விழுந்தது. உச்சி குளிர்ந்துபோய்த் திரும்பி, பொன்னாடை நழுவாமல் இரண்டு கையையும் கூப்பித் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். மாணவர்கள் கைதட்டினார்கள். படமும் அப்போதுதான் நன்றாக விழுந்தது.

பொம்மை பதில் வணக்கம் சொல்லவில்லை. அது மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்தது.